கழகத்துக்காகத் தூக்கிய கை

அன்புள்ள தர்ஷனாவின் அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

இங்கே மெல்பேர்னில், டார்னெய்ட்டில் மருமகன் கூட்டிப்போகும் கால்பந்துக் கழகத்துக்கு முதலாளி இல்லை. சந்தா கட்டும் ரசிகர்கள்தான் சொந்தக்காரர், நானும் ஒருத்தி. சனிக்கிழமைகளில் அங்கே குசினியில் ரோல்ஸ் பொரிக்கிறேன். ஒரு பணக்காரர் கழகத்தை விலைக்குக் கேட்டார். வாங்கினால் குசினியை வேறு ஆட்களிடம் கொடுப்பாராம். இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் அது ஒன்றுதான்.

போன கிழமை வாக்கெடுப்பு. விற்கக்கூடாது என்று எழும்பிப் பேசியது யார் தெரியுமா? தர்ஷனாவின் கலியாணப் பந்தியில் என் சொதியைத் தண்ணீர் என்ற நாகேஸ்வரி. அன்றோடு அவளோடு கதைக்கிறதை விட்டிருந்தேன். ஆனாலும் கையைத் தூக்கினேன். விற்பனை நின்றது.

வெளியே வந்ததும், "அக்கா, நீங்கள் என்ர பக்கம் நிப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை" என்றாள்.

"கிளப்புக்குத்தான் கை தூக்கினனான், உமக்கில்லை" என்றேன்.

நேற்று ஆட்டத்தின்போது மழை. அவளுடைய குடைக்குள் நின்றுதான் பார்த்தேன்.

வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு பொதியாகக் கட்டி அனுப்புங்கள். மற்றது ஆருக்கு என்று கேட்க வேண்டாம். மருமகன் காரில் ஹோர்ன் அடிக்கிறார், நிறுத்துகிறேன்.

உங்கள்
மனோன்மணி