அணியம் என்ற உன் ஊர்ச் சொல்

இன்று காலை ஒண்டிக்கடை முக்கில் கருவாட்டு வாசனை. அடிவாரத்திலிருந்து வந்த வண்டியில் ஒருவர் நெத்திலியும் வாளையும் பரப்பி வைத்திருந்தார். வாங்கும் எண்ணமில்லை, சும்மா பக்கத்தில் போய் நின்றேன். நாகப்பட்டினத்துக் கரையில் வளர்ந்து, என்னைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்த புதிதில், இந்த வாசனை வந்தாலே உனக்கு ஊர் நினைப்பு வந்துவிடும்.

உன் அப்பாவுக்கு நம் கல்யாணத்தில் சம்மதமில்லை. படகுக்காரன் மகளுக்குக் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரா என்று கோபித்துக்கொண்டவர், நமக்கு மகள் பிறக்கும்வரை பேசவே இல்லை. பேத்தியைப் பார்க்க வருகிறேன் என்று அவர் சொல்லியனுப்பியபோது நீ அழுதாய். எனக்கோ பயம். அவருடைய சொல் ஒன்றையாவது பேசிவிட வேண்டும் என்று நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். நீ எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன ‘அணியம்’ அகப்பட்டது. ‘ஆயத்தம்’ என்று பொருள் போட்டிருந்தது. அவசரத்தில் அதோடு மூடிவிட்டேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையை வாங்கப் போனேன்; தரவில்லை.

“ஊட்டுல எல்லாம் அணியமா இருக்குதுங்க மாமா” என்றேன்.

நின்றுவிட்டார். “அணியமா? அது படகோட முன்பக்கமுல்ல? வூட்டுக்கு ஏது அணியம்?”

மகளை இடுப்பில் வைத்திருந்த நீ வாயைப் பொத்திக்கொண்டாய். அவர் விடவில்லை. “வாசல் அணியம்னா, பின்பக்கம் அமரமாச்சே. சமையக்கட்டுதான் அமரமா?”

நீ வெடித்துச் சிரித்தாய். உன் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ, அவர் கண் கலங்கியது. பையை என் கையில் கொடுத்தார்.

வீடு போகும் வழியெல்லாம் அதே பேச்சு. அகராதியில் அப்படித்தான் இருந்ததுங்க என்று நான் சாதித்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் இரண்டு பொருளும் இருந்தன. ‘அணி’ என்றால் வரிசையாக ஒழுங்குபடுத்துவது. ஆயத்தம் என்ற பொருள் அதிலிருந்து வந்திருக்கலாம், படகின் முகப்பு எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை என்று உன்னிடம் சொன்னேன்.

நீ தோசையைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாய்: “மொத அலை அங்கதாங்க அடிக்கும். அணியத்துல நிக்கிறவன் தயாரா இல்லாம எப்படி?”

அது சரியான விளக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அது போதும்.

பிறகு, காய்ச்சலென்று நான் சேலத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த நீ உயிரோடு திரும்பவில்லை. உன் சாம்பலைக் கரைக்க உன் அப்பாவின் படகில்தான் போனோம். “அணியத்துல உக்காருங்க மாப்ள. சின்னதுல அவ அங்கதான் உக்காருவா” என்றார். முதல் அலையிலேயே முழுக்க நனைந்தேன். அவர் பின்னாலிருந்து எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டால் என் தலையைத் துவட்டிவிட்டார். அப்போதுதான் அழுதேன்.

இனி பேத்தியைத் தவிர இந்த மலைக்கும் அவருக்கும் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஞாயிறுதோறும் போன் செய்கிறார். பேத்தியோடு பேசி முடித்ததும் என்னைக் கேட்கிறார்.

“அங்க மழையா?”

“ஆமாங்க மாமா. நொம்பக் குளிருங்க.”

“சாப்டீங்களா?”

“ஆச்சுங்க.”

உன் பெயரை இருவருமே எடுப்பதில்லை. வைக்கும்போது மட்டும், “நான் இருக்கேன் மாப்ள” என்கிறார். நம் மகளோடு, எனக்கென்று நீ விட்டுப்போனது அவரைத்தான்.