மலிவுத் தட்டும் நல்ல தட்டும்

2003 யூன் 3

சனம் கூரைக்குத் தகரம் கேட்டது. வந்திருப்பது தட்டு. எறிந்து விளையாடும் பிளாஸ்டிக் தட்டு, இரண்டு பெட்டி நிறைய.

எங்கள் நிறுவனத்தின் மன்னார்ப் பொறுப்பாளர் யுஹா பின்லாந்துக்காரர். அங்கே இது பெரிய விளையாட்டாம். தூரத்தில் சங்கிலி தொங்கும் கூடை ஒன்று நிற்கும். தட்டை எறிந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, அந்தக் கூடைக்குள் போடவேண்டும். குறைய எறிந்தவர் வென்றவர். மீள்குடியேறிய ஊர்ப் பிள்ளைகள் இதை விளையாடினால் மனக்காயம் ஆறும் என்று யுஹா மேலிடத்துக்கு எழுதினார். மேலிடமும் ஓம் என்றுவிட்டது. தகரம் பற்றிக் கேட்டால் மட்டும் மேலிடத்தின் வாயில் கொழுக்கட்டை.

இதில் நான் எங்கே வருகிறேன்? நான் மிதிவெடி விழிப்புணர்வு அக்கா. வட்டமாக, பிளாஸ்டிக்காக ஏதாவது நிலத்தில் கிடந்தால் தொடாதே என்று ஊரூராகப் போய்ப் படிப்பிப்பதுதான் என் வேலை. இனி அதே பிள்ளைகளிடம் வட்டமான பிளாஸ்டிக்கைக் கொடுத்து, எறி, ஓடிப்போய் எடு என்று சொல்லவேண்டும். யுஹாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நிறம் வேறுதானே என்றார். படித்த மனிதர்!

2003 யூன் 6

இரண்டு பெட்டியும் ஒன்றல்ல. ஒன்றில் மலிவுப் பிளாஸ்டிக், மற்றதில் உயர்ந்த பிளாஸ்டிக். அளவும் எடையும் ஒன்றுதான். மலிவானது சந்தையில் விற்கிற பேசின் மாதிரி வெளிறிப்போய், தொட்டால் சொரசொரக்கும். உயர்ந்ததில் வெளிச்சம் ஊடுருவும். எங்கள் உப்புக்குளத்துக் கடையில் வெட்டி வைத்த மஸ்கட் அல்வா மாதிரி மினுங்கும்.

எது வேண்டும் என்று மாத முடிவுக்குள் நான் எழுதிக் கொடுக்கவேண்டும். மலிவு என்றால் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் பெட்டி பெட்டியாக வரும். உயர்ந்தது என்றால் ஊருக்கு ஒரு சில. ஏன் என்னிடம் கேட்டார்கள் என்றால், கந்தோரில் வேலை செய்கிறவர்களில் நான்தான் நன்றாக எறிகிறேனாம். உண்மைதான். அந்தோனியம்மா என்று கிழவிப் பெயர் வைத்தாலும் எனக்கு வயது இருபத்தாறுதான்.

2003 யூன் 9

மன்னார்க் கோட்டைப் பக்கம் எறிந்து பார்த்தோம். மலிவுத் தட்டு ஒன்றைக் கழுதை கடித்துவிட்டது. உயர்ந்ததை மோந்து பார்த்துவிட்டு விட்டது. இதையும் அறிக்கையில் எழுதலாமா?

2003 யூன் 12

களஞ்சியம் பார்க்கும் கனகரத்தினம் அண்ணையுடன் சண்டை.

ஒரு கிழமையாக இரண்டையும் பனைமரங்களில் அடித்துப் பார்த்தாயிற்று. மலிவானதின் விளிம்பு நைந்து, நேரே எறிந்தால் வலப்பக்கம் கவிழ்ந்துகொண்டு போகிறது. உயர்ந்ததில் ஒரு கீறல் இல்லை. முதல்நாள் பறந்தபடியே இன்றும் பறக்கிறது. வியர்த்த கையில் வழுக்கும் என்பது ஒன்றுதான் குறை. அதற்கு மண்ணைத் தொட்டுக்கொண்டால் போயிற்று.

அண்ணை மலிவுக் கட்சி. "நல்லதைக் குடுத்தால் துலைஞ்சிட்டுதெண்டு பிள்ளையள் அழுங்கள், தங்கச்சி. மலிவெண்டால் போனால் போகட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கட பிள்ளையளுக்கு எண்டால் எப்பவும் மலிவுதானோ?" என்று கேட்டுவிட்டேன். அகதி முகாமில் புழு அரிசி தின்று வளர்ந்தவள் நான். திகதி முடிந்த பிஸ்கட்டும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் போட்டுக் கழித்த சட்டையும்தான் எங்களுக்கு வந்தன. ஒரு சட்டையின் பையில் யாரோ சப்பிய சுயிங்கம்கூட இருந்தது. ஒரு தரமாவது நல்லது வரட்டுமே. தட்டுத்தானே, அரண்மனையா கேட்கிறேன்?

அண்ணை பெட்டியை மூடினார். வென்றுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

2003 யூன் 17

புளியடிக்குளம் போனோம். மன்னார்த் தீவைத் தாண்டி, பெருநிலத்தில் வயற்கார ஊர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பழைய இராணுவக் காவலரண் வரிசை. அங்கே இன்னும் வெடி எடுத்து முடியவில்லை. கயிறும் மண்டையோட்டுப் பலகையும் கட்டி மறித்திருக்கிறார்கள். முன்பக்கத்து வெளி துப்புரவாக்கியாயிற்று. அங்கேதான் கூடைகளை நட்டோம்.

பிள்ளைகள் முதலில் தொடவில்லை. ஏழாம் வகுப்புப் பூமணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இது தெரிஞ்ச சாமானோ, தெரியாத சாமானோ அக்கா?" என்று கேட்டாள். என் பாடத்தை என்னிடமே! தெரிந்த சாமான்தான் என்று சத்தியம் பண்ணவேண்டியதாயிற்று.

பிறகு பார்க்கவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் எல்லாரும் உயர்ந்ததற்கு அடிபட்டுப் பறித்தார்கள். மலிவைக் கையில் வைத்திருந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். கனகரத்தினம் அண்ணை வந்து பார்க்கட்டும். செம்மஞ்சள் தட்டு ஒன்றை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். பரிசோதனைக்காக. (யாரை ஏய்க்கிறாய், அந்தோனியம்மா?)

2003 யூன் 24

எழுதாவிட்டால் நித்திரை வராது. எழுதுகிறேன்.

புளியடிக்குளத்தில் மூன்றாம் கூடைக்கு எப்படி எறிவது என்று காட்டினேன். சோளகக் காற்று முதுகில். செம்மஞ்சள் தட்டு. என்ன ஒரு எறி! வாழ்க்கையில் அப்படி எறிந்ததில்லை. பிள்ளைகள் "ஊ" என்றார்கள். தட்டு கூடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கடைசியில் இடப்பக்கம் சரிந்து இறங்கியது. நான் ஓடினேன். கண் தட்டில். கால் தன் பாட்டில்.

பின்பக்கத்தில் மாடு கயிற்றை இழுத்து விழுத்தியிருக்கிறது. கயிறு புல்லுக்குள் கிடந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா? பலகை நின்றதே. அந்தப் பலகையைக் காட்டித்தானே போன மாதம் பாடம் எடுத்தேன்.

"அக்கா, நில்லுங்கோ."

பூமணி. கத்தவில்லை. வகுப்பில் பதில் சொல்லுகிற குரல்.

நின்றேன். குனிந்து பார்த்தேன். கயிறு எனக்குப் பின்னால் கிடந்தது.

பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவரும் தாண்டவில்லை. நில், அசையாதே, கூப்பிடு என்று எல்லாருமாகச் சேர்ந்து, நான் படிப்பித்த அதே ராகத்தில் எனக்குச் சொன்னார்கள். இரண்டு பேர் வெடி எடுக்கிறவர்களின் கொட்டிலுக்கு ஓடினார்கள்.

வெயில். வலது கால் எறும்புப் புற்றில். கடிக்கிறது, தூக்க ஏலாது. பூமணி சொன்னாள்: "பயப்பிடாதேங்கோ அக்கா, நான் கேள்வி கேக்கிறன்." கேட்டாள். தெரியாத சாமானைக் கண்டால் என்ன செய்யவேண்டும்? வழி மாறிப் போனால் என்ன செய்யவேண்டும்? நான் அழுது அழுது பதில் சொன்னேன். ஒன்றைத் தவறவிட்டேன். திருத்தினாள்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். தட்டு எனக்கு முன்னால்தான் கிடந்தது. ஒரு கீறல் இல்லாமல், மினுங்கிக்கொண்டு. எட்டிக் கையை நீட்டினால் எடுக்கலாம் போல. மாதாவே, அந்த நிலையிலும் எடுத்தால் என்ன என்று யோசித்தேன். எறும்பு தின்கிற காலோடு, வெடிக்கு நடுவில் நின்றுகொண்டு!

வெடி எடுக்கிறவர்களின் மேற்பார்வையாளர் பரமநாதன் வந்தார். முகமூடியும் கவசமும் போட்டுக்கொண்டு, படுத்தபடி நிலத்தைக் குத்திக் குத்தி என்னிடம் வந்து சேர எவ்வளவு நேரம் என்று தெரியாது. வந்தவர் என் காலடியைக் கையால் தட்டி, "இனி நான் சொல்லுற இடத்தில மட்டும் வையுங்கோ" என்றார். வைத்தேன். வெளியே வந்ததும் மண்ணில் குந்தியிருந்து சத்தி எடுத்தேன்.

பிறகு, அங்கே ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். தன் சோற்றுப் பார்சலை என் பக்கம் தள்ளினார்.

"அதைக் கேக்காதேங்கோ, தங்கச்சி. சாப்பிடுங்கோ."

2003 யூன் 25

எறும்பு கடித்த இடம் வீங்கியிருக்கிறது. நல்ல வேளை, வீங்க ஒரு கால் இருக்கிறது.

2003 யூன் 27

யுஹா மேலிடத்துக்கு அறிவித்துவிட்டார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. இரண்டு கிழமைக்கு வேலையாக ஊர்ப்பக்கம் போகக்கூடாது. வேலை போகவில்லை. நானாக இருந்தால் என்னை நிறுத்தியிருப்பேன்.

கனகரத்தினம் அண்ணை, நான் அப்பவே சொன்னனான் என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் சண்டை பிடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். மனிதன் ஒரு செவ்விளநீரை வெட்டி மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். பாவி.

அறிக்கை எழுத இருந்தேன். விளிம்பு நைகிறது, வலப்பக்கம் கவிழ்கிறது, கழுதை கடிக்கிறது. எல்லாம் உண்மை. உயர்ந்தது எல்லாவகையிலும் நல்லது. அதுவும் உண்மை. அது நல்லதாக இருந்தபடியால்தான் நான் ஓடினேன். அது கழுதை கடித்த பேசினாக இருந்திருந்தால் ஓடியிருப்பேனா? நானே ஓடினேன் என்றால் பூமணி ஓடமாட்டாளா, மற்றப் பிள்ளைகள் ஓடமாட்டார்களா?

மலிவு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நெஞ்செல்லாம் எரிகிறது. மற்ற நாட்டில் பிள்ளைகள் தட்டு தொலைந்தால் பற்றைக்குள் போய்த் தேடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு, தேடிப் போகத் தோன்றாத சாமானாகப் பார்த்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. இது யார் செய்த வேலை? யாருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதுவது?

2003 யூலை 1

அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டா. நாளைக்குத் திருவிழாவில் நான் வெறுங்காலோடு நடக்கவேண்டுமாம். கால் இருப்பதே மாதாவின் தயவாம். சரி, நடக்கிறேன். படுத்துத் தவழ்ந்து வந்த பரமநாதனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் அம்மாவுக்குத் தோன்றவில்லை. இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

2003 செப்டெம்பர் 16

புளியடிக்குளம். பெட்டி பெட்டியாக மலிவுத் தட்டு போன மாதமே வந்துவிட்டது. கூடைகளை மற்றத் திசைக்குத் திருப்பி நட்டாயிற்று. பின்பக்கத்தில் இப்போது முட்கம்பி வேலி. பரமநாதனின் ஆட்கள் மாரிக்கு முன் வேலையை முடிப்பார்களாம்.

விளையாட்டு நடந்துகொண்டிருந்தபோது காற்று ஒரு பொல்லாத சுழற்று சுழற்றியது. பூமணி எறிந்த பச்சைத் தட்டு நடுவானில் கவிழ்ந்து, திரும்பி, எங்கள் தலைக்கு மேலால் போய் வேலிக்கு அப்பால் விழுந்தது. நில்லுங்கோ என்று கத்த வாயைத் திறந்தேன்.

பிள்ளைகள் வேலிக்குக் கிட்டவும் போகவில்லை. ஓர் ஆள் தட்டுக்கு டாட்டா காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள்.

பூமணி என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"அது போயிட்டுது அக்கா. வேறை தாங்கோ."

கொடுத்தேன்.