பச்சையை மஞ்சள் என்றார்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நோய்நொடி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே உன் அப்பாவுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது, எனக்கு ரத்த அழுத்தம் ஏறவில்லை, ஆபரேஷன் செய்த கண் பளிச்சென்று தெரிகிறது. பளிச்சென்று தெரிந்ததுதான் வம்பாகப் போய்விட்டது. போன வாரம் முழுக்க நீ கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. வேலையாக இருக்கிறேன் என்று அப்பாவைச் சொல்லச் சொன்னதும் நான்தான். போனில் பேசினால் நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்துவாய், பாதியில் அவர் வந்து வாங்கிக்கொள்வார், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அடுப்பில் எதையும் வைக்காமல் உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ அனுப்பிய மீன்தொட்டியைப் பற்றித்தான். கண்ணுக்கு ஊசித்துளை தெரியாமல் தையல் கடையை மூடிவிட்டு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது வந்தது அது. கீழே மீன், மேலே கூழாங்கல் தட்டில் கீரையும் புதினாவும், நடுவில் தண்ணீரை ஏற்றி இறக்க ஒரு குட்டி மோட்டார். மண்ணே இல்லாமல் செடி வளரும் என்றதும் எனக்கு நம்பிக்கையில்லை. நீதான் போனில் பொறுமையாகச் சொன்னாய். மீனின் கழிவு தண்ணீரில் அமோனியாவாகிறது, அது மீனுக்கே விஷம், கல்லுக்குள் குடியேறும் கிருமிகள்தான் அதைச் செடிக்கு உரமாக மாற்றுகின்றன, அந்தக் கிருமிகள் வந்து நிலைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை மீன் விடாதே, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை அப்படியே ஊற்றாதே என்றெல்லாம். நான் ஒவ்வொன்றையும் கேட்டு மனசில் தைத்துக்கொண்டேன். ஆனால் பஸ் ஓட்டியே பழகிய உன் அப்பாவுக்குக் காத்திருக்கத் தெரியுமா? ஆளே ஏறாத வண்டியை எத்தனை நாள் சும்மா ஓட்டுவது என்று சொல்லி முதல் வாரமே ஒரு கவர் நிறையத் தங்கமீன்களோடு வந்து நின்றார். திட்டினேன். திட்டிவிட்டு நானே தீனியும் போட்டேன். அதில் ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. மற்ற மீன்களைச் சுற்றிச் சுற்றி வந்து மேற்பார்வை பார்க்கும். மேஸ்திரி என்று பெயர் வைத்தேன்.

அமோனியா பார்க்கும் சொட்டு மருந்து உனக்குத் தெரியும். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தை விட்டுக் குலுக்கினால் மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சை ஏற ஏற ஆபத்து. முப்பது வருஷம் துணிக்கு நூல் பொருத்தியவள் நான். ஒரே சிவப்பில் பத்துச் சிவப்பைப் பிரித்துச் சொல்வேன். ஆனால் கண்புரை முற்றியபின் உலகமே டிகாஷனில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது, மஞ்சளும் பச்சையும் எனக்கு ஒன்றுதான். அதனால் தினமும் காலையில் உன் அப்பா குப்பியை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து மஞ்சள்தான், சுத்தமான மஞ்சள் என்பார். நானும் நிம்மதியாகக் காபி போடப் போவேன். மருந்துக்குக்கூட ஒரு மீன் சாகவில்லை. தண்ணீர் பழகாமலே மீன் பிழைத்துவிட்டதே என்று உன்னிடம் நான் பெருமையடித்தபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "உங்க கைராசிம்மா" என்றாய். மெஷினை விற்ற நாளிலிருந்து என் கை எதற்கும் உதவாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து, கண்மேல் ஒட்டியிருந்த மூடியைக் கழற்றி, வெளிச்சம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னபிறகு ஒருநாள் காலை, உன் அப்பா வாக்கிங் போயிருந்தார். நானே சொட்டு மருந்தை எடுத்தேன். குப்பியில் பச்சை. இளம்பச்சைகூட இல்லை, பள்ளிக்கூடச் சீருடைக்கு நான் தைப்பேனே, அந்த அடர்பச்சை. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். குடிக்கிற தண்ணீரை எடுத்து அதே மருந்தை விட்டேன், அது மஞ்சளாக நின்றது. மருந்தில் கோளாறு இல்லை. அப்புறம்தான் தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மேஸ்திரியைத் தேடினேன். வெள்ளைத்திட்டு இருந்தது, ஆனால் நெற்றியில் இல்லை, ஒரு கண்ணுக்கு மேலே ஒதுங்கியிருந்தது. திட்டு எங்கேயாவது நகருமா?

தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டு நேராக மார்க்கெட் முனையிலிருக்கும் வளர்ப்பு மீன்கடைக்குப் போனேன். அமோனியாவைக் கட்டுப்படுத்த ஏதாவது மருந்து கேட்கத்தான் போனேன், வேவு பார்க்கப் போகவில்லை. தொட்டி விவரத்தைச் சொன்னதும் கடைக்காரருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது, முகமெல்லாம் சிரிப்பு. "டிரைவர் சார் வீட்டம்மாவா? நெத்தியில வெள்ளை இருக்கிற மீன் வந்தா எடுத்து வைக்கச் சொல்லியிருக்காரு. இந்த லோடுல ஒண்ணும் வரலைன்னு சொல்லிடுங்கம்மா" என்றார். அவர் பாவம், நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னார். நான் சரி சொல்லிடுறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தெருவெல்லாம் கண்ணுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, ஒவ்வொரு கடைப் பலகையின் எழுத்தும் தெரிந்தது, நான்தான் எங்கே நடக்கிறேன் என்று தெரியாமல் நடந்தேன். எத்தனை மேஸ்திரி செத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செத்த மீன்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டுதான் மனுஷன் வாக்கிங் போயிருக்கிறார், திரும்பும்போது அதே மாதிரி புது மீன் வாங்கி வந்து விட்டிருக்கிறார். சர்க்கரைக்காகத் தவறாமல் நடக்கிறாரே என்று நான் எதிர்வீடு வரை புகழ்ந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மழுப்பவில்லை, அந்த மட்டுக்கும் பரவாயில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "பாப்பாதான் சொல்ல வேண்டாம்னா" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு உயிரே போனது. அவர் பொய் சொன்னார் என்றால் அது அவர் குணம், பஸ் லேட்டானால் டயர் மேல் பழி போடுகிற ஆள். நீயும் கூட்டு என்பதை என்னால் தாங்க முடியவில்லையம்மா. முதல் மீன் செத்த அன்றே அவர் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு ரத்த அழுத்தம் ஏறி ஆபரேஷன் ஒருமுறை தள்ளிப்போனதல்லவா, மறுபடி தள்ளிப்போகக் கூடாது, முடிகிறவரை அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். சரி, அதுவரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆபரேஷன் முடிந்தபிறகு? அழுதால் கண்ணுக்கு ஆகாது என்றாயாம். அதன்பிறகு? இனிமேல் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லையாம். நான் மீனுக்காக அழுகிறவள் என்று முடிவு செய்தவர்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் கேள். ஒவ்வொரு மீன் செத்ததும் நாற்றம் தெரியாமலிருக்க அவர் கூழாங்கல்லையெல்லாம் அள்ளிக் குழாயடியில் தேய்த்துக் கழுவியிருக்கிறார். குளோரின் தண்ணீர் பட்டுக் கொஞ்சநஞ்சம் குடியேறிய கிருமியும் ஒழிந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. என்னிடம் சொல்லியிருந்தால் தீனியைப் பாதியாகக் குறைத்திருப்பேன், வாளியில் வைத்து ஆறவிட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருப்பேன், கல்லில் கைவைக்க விட்டிருக்க மாட்டேன். முதல் சாவோடு நின்றிருக்கும். மறைத்து மறைத்தே அத்தனையையும் கொன்றீர்கள்.

எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் விஷயம் உனக்குத் தெரியுமா, அதையும் அவர் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தனியாக இருக்கிற மனுஷி, எங்கள் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டார். ஒரு மாதம் காத்திருக்கணுமாமே என்று தயங்கியவரிடம் அதெல்லாம் வேண்டாம், எங்கள் மீனைப் பாருங்கள், ஒன்றுகூடச் சாகவில்லை என்று நான்தான் தைரியம் கொடுத்தேன். அவருடைய மீன்கள் ஒரு வாரம் தாங்கவில்லை. கலங்கிப்போய் வந்து கேட்டவரிடம் உங்கள் கையில் சோப்பு இருந்திருக்கும், தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும் என்று பெரிய மேதாவி மாதிரி புத்தி சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் அவர் வருவதை நிறுத்திவிட்டார். என்மேல் கோபம் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மீன்கடைக்குப் போய்வந்த மறுநாள் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்கதவைத் தட்டினேன். நான் சொன்னது எல்லாம் தப்பு, எங்கள் மீனும் செத்துத்தான் போயிருக்கிறது, எனக்கே தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரியும்! அவர் மீன்கள் செத்த வாரமே உன் அப்பா போய் உண்மையைச் சொல்லி, புது மீன் வாங்கித் தருகிறேன், வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். டீச்சர் மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "உங்க முகத்தப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரல. அதனாலதான் வர்றதையே நிறுத்திட்டேன்" என்றார். கட்டின புருஷனுக்கு வந்தது, பெற்ற பெண்ணுக்கு வந்தது, எதிர்வீட்டுக்காரிக்கு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் பயந்த மாதிரி கண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

இப்போது வீட்டு நிலவரம் சொல்கிறேன். நான் கத்தவில்லை, சோறு போடாமல் விடவில்லை. மிச்சமிருந்த மீன்களைக் கடைக்காரரிடமே பிழைக்கட்டும் என்று கொண்டுபோய் விட்டேன், டீச்சரும் கூட வந்தார். தொட்டியில் இப்போது வெறும் தண்ணீர் ஓடுகிறது. மீன் இல்லாவிட்டாலும் கிருமிக்குச் சாப்பாடு வேண்டுமே, அதற்காக ஒரு சிட்டிகை மீன்தீனியை மட்டும் போட்டு அழுக விடுகிறோம். பச்சை ஏறியது, ஏறி நின்றது, இந்த இரண்டு நாளாகக் கொஞ்சம் இறங்குகிறது. அது மஞ்சளாகி, அமோனியா மாறி வரும் இன்னொரு விஷமான நைட்ரைட்டும் அடுத்த சொட்டு மருந்தில் காணாமல் போய், தொடர்ந்து அப்படியே நின்றால்தான் மீன். அதுவும் முதலில் இரண்டே இரண்டு. புதினா மட்டும் வெளுத்துப்போய் நிற்கிறது, பிழைத்தால் பார்க்கலாம். டீச்சர் தினமும் வந்து இங்கே பார்த்துவிட்டு, அங்கே போய் அவர் தொட்டியிலும் அதே மாதிரி செய்கிறார். உன் அப்பாவுக்குத் தொட்டிப் பக்கம் அனுமதி இல்லை. கூடத்திலிருந்தே இன்னிக்கு என்ன கலர் என்று மெதுவாகக் கேட்கிறார். வேண்டுமென்றே மாற்றிச் சொல்லலாமா என்று ஒருநாள் ஆசையாகத்தான் இருந்தது. பச்சை என்றுதான் சொன்னேன். இப்போதெல்லாம் பாத்திரம் அவர்தான் கழுவுகிறார், என் முகத்தைப் பார்க்காமலே கழுவுகிறார். அவர்மேல் உள்ள கோபம் ஆறிவிடும், நாற்பது வருஷத்தில் எத்தனையோ ஆறியிருக்கிறது. உன்மேல் உள்ளதுதான் எனக்கு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. சின்ன வயசில் பரீட்சையில் தோற்றால்கூட முதலில் என் மடியில் வந்து சொல்லிவிட்டுத்தான் அழுவாய். அந்தப் பெண்ணைத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த ஒரு வாரமாக நீ போனில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் நான் பேசி ரொம்ப நாளாகிறது. ஒருமுறை குளிக்கிறார் என்றாய், ஒருமுறை ஆபீசில் மீட்டிங் என்றாய், அப்புறம் தூங்கிவிட்டார் என்றாய். எனக்கு ஆபரேஷன் ஆன அன்றுகூட அவர் பேசவில்லை. அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. வீடியோவில் பேசும்போது உன் பின்னால் தெரியும் கொடியில் காய்வது எல்லாம் உன் துணி மட்டும்தான். என்ன நடந்தாலும் சரி, யார்மேல் தப்பு என்றாலும் சரி, எனக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்று நினைத்து மூடி வைக்காதே. ஏறினால் மாத்திரை இருக்கிறது. தனியாக ஒரு வீட்டில் நீ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு எனக்கு மஞ்சள், மஞ்சள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயோ என்ற நினைப்புக்கு மாத்திரை இல்லை. ஒன்றுமில்லையென்றால் அவரை ஒருநிமிஷம் என்னோடு பேசச் சொல். ஏதாவது இருந்தால், டிக்கெட் போட்டுக்கொண்டு நீ வா. முடியாதென்றால் சொல், நான் வருகிறேன், இப்போது கண் தெரிகிறது, தனியாக வருவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் மனசுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதற்குப் பதிலை அப்பா போனுக்கு அனுப்பாதே, என் போனில் என்னைக் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன்.

கோபத்தோடும் அதைவிட அதிகமான கவலையோடும்,
உன் அம்மா