ஆசி வாங்கிய டீசல் வேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

சிலியின் கலாமாவிலிருந்து எலோய் வணங்கி எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்குப் பட்டறையில் இடது கையில் சுடு எண்ணெய் பட்டு இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. மற்றபடி நலம். எழுதுவது வலது கைதானே.

பழைய பெட்ரோல் வேனை விற்று, ஊர் திரும்ப நான் சேர்த்து அனுப்பிய பணத்தையும் போட்டு டீசல் வேன் வாங்கிவிட்டீர்கள். திருப்பிக் கொடுங்கள் என்று போனில் கெஞ்சினேன். "டேய் எஞ்சினியரு, கோபகபானா மாதா கோயில் வாசல்ல நிறுத்தி, பூ சுத்தி, பீர் ஊத்தி, ஃபாதர் தீர்த்தம் தெளிச்ச வண்டிடா. திருப்பிக் குடுத்தா வெளங்குமா?" என்றீர்கள். கணக்குப் போடும் முன்பே ஆசி வாங்கினால் நான் என்ன செய்வது?

இப்போதாவது கேளுங்கள். நம் ஊர் எல் ஆல்டோவில் பெட்ரோலும் டீசலும் ஏறக்குறைய ஒரே விலை. டீசல் லிட்டருக்கு அதிக தூரம் ஓடும், சரி. மிச்சமாவதில் பாதியை ஃபில்டரும் இன்ஜெக்டரும் தின்றுவிடும். கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பிவர வண்டி நான்கு வருடம் ஓட வேண்டும். அதுவும் பெட்ரோல் பங்கில் டீசல் இருந்தால். "டேய் பொலிவியா, உங்க ஊர்ல டீசல் வரிசையிலயே கல்யாணம் பண்ணி, புள்ளையும் பெத்துக்குறாங்களாமே" என்கிறார் இங்கே எங்கள் பட்டறை மேஸ்திரி. நானும் சிரித்துவைத்தேன்.

தினமும் காலையில் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் கம்பளிப் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். குளிருக்கு முன்பே திரும்பிவிடுவேன் என்று அங்கேயே விட்டுவந்தேன். இனி நான்கு வருடத்துக்கு அது இங்கே வேண்டும்.

வேலை மணி அடித்துவிட்டது.

எலோய்