கரணை பிடித்த மண்

மோகனூர்,
4-3-1988

சௌந்திரத்துக்குச் சென்னியப்பன் எழுதுவது.

என் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டதென்று என் மனைவி வசந்தாமணி உனக்கு எழுதியிருக்கிறாள். நீயும் எனக்குத் தெரியாமல் வேலூர் போய்ச் சோதித்துக்கொண்டாயாம். தம்பி வீரபாகுவின் எலும்பு மஜ்ஜை எனக்குப் பொருந்தவில்லை, உன்னுடையது பொருந்துகிறதென்று டாக்டர் சொன்னார்.

நீ வர வேண்டாம். வேற்றுச் சாதிக்காரனோடு போனவள் என்று, என் கல்யாணத்தில் உடன்பிறந்தவள் நிற்கவேண்டிய இணைச்சீருக்கே உன்னைக் கூப்பிடாதவன் நான். இப்போது எந்த முகத்தோடு வாங்குவேன்? உன் ரத்தம் ஏறினால் என் குலமே மாறிவிடும் என்கிறார் பெரியப்பா.

இப்படிக்கு,
சென்னியப்பன்

*

ஆட்டையாம்பட்டி,
9-3-1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

'அம்மிணி' என்று எழுத உனக்குக் கை வரவில்லை. பரவாயில்லை, நான் 'அண்ணா' என்றுதான் எழுதுவேன். பதினோரு வருஷம் உன் பேச்சைக் கேட்டு வாசல் மிதிக்காமல் இருந்தேன். இனிக் கேட்க மாட்டேன்.

டாக்டர் விளக்கியதை உன் கரும்புக்காட்டுப் பேச்சிலேயே சொல்கிறேன். உன் எலும்புக்குள் மண் நன்றாகத்தான் இருக்கிறது, விதைக்கரணைதான் பட்டுப்போய்விட்டது. மருந்து கொடுத்து மிச்சத்தையும் அழித்துவிட்டு, என் இடுப்பெலும்பிலிருந்து எடுப்பதை உன் கை நரம்பில் ஏற்றுவார்கள். "கையில ஏத்துனா எலும்புக்கு எப்படிங்க போகும்?" என்று கேட்டேன். "யாரும் வழி காட்ட வேண்டாம்மா, தானே தேடிப் போய் ஒட்டிக்கும். அந்த இடம் ஏத்துக்கிட்டாத்தான் பிழைக்கும்" என்றார். போன இடத்தில் சண்டை போட்டாலும் போடுமாம். என்னுடையதல்லவா, போடும்!

நீ கதவைச் சாத்தினாய். உன் எலும்பும் சாத்துகிறதா பார்ப்போம்.

பெரியப்பாவிடம் சொல்: ஆள் இருந்தால்தான் குலம். திங்கட்கிழமை வேலூரில் இருப்பேன். என் வீட்டுக்காரரும் என்னோடு வருகிறார்.

உன் தங்கை,
சௌந்திரம்

*

மோகனூர்,
2-12-1988

அன்புள்ள அம்மிணிக்கு,

போன வாரம் வேலூரில் சோதித்தார்கள். 'பி' வகையாக இருந்த என் ரத்தம் உன்னுடைய 'ஓ' வகையாகிவிட்டது. நீ சொன்னபடி சண்டையும் போட்டது. இரண்டு மாதம் தோல் உரிந்தது. அப்புறம் பிறந்த வீடு மாதிரி உட்கார்ந்துகொண்டது.

தையில் வீரபாகுவுக்குக் கல்யாணம். நேற்று உறவெல்லாம் கூடி, இணைச்சீருக்குப் பெரியப்பா மகளே நிற்கட்டும் என்றார்கள். நான் எழுந்தேன். "எனக்குள்ள ஓடுறது பூரா எந்தங்கச்சி ரத்தமுங்க. அவ இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னா நானும் வெளிய போறனுங்க" என்றேன். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். நான் திரும்பக் கூப்பிடவில்லை.

இணைச்சீருக்கு நீதான் நிற்கிறாய். இரண்டு நாள் முன்னாலேயே மாப்பிள்ளை கந்தப்பனையும் அழைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வா. வாசலில் நான் நிற்பேன்.

உன் அண்ணன்,
சென்னியப்பன்