சிவப்புக் காரின் பின்சீட்டு

டூகல்,

மூன்று மணிக்குக் காரைப் பார்க்க வருபவரிடம், விற்கவில்லை என்று சொல்லிவிடு. நேற்று மாலை, "ரெண்டு பிள்ளைங்க உட்கார முடியாத கார் நமக்கு எதுக்கு?" என்று கத்தியது நான்தான். நீ உடனே விளம்பரம் போட்டுவிட்டு இரவு வேலைக்குப் போய்விட்டாய். எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் நீ வந்து படுத்ததும், பிள்ளைகளோடு காரை ஜீலாங் நகருக்குக் கொண்டுபோனேன். அங்கே குழந்தை இருக்கை மாட்டித் தரும் நோரீன் பின்பக்கம் தவழ்ந்து நுழைந்தார். ஒடுக்கமான இருக்கைகள் இரண்டை மாட்டி, வாரை இறுக்கி, ஆட்டிப் பார்த்தார்.

"அசையலம்மா. ஆனா முன்னாடி உட்கார்றவங்க முட்டியைக் கன்னத்துல வெச்சுக்கணும்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் இரண்டும் ஒரே சிரிப்பு. "இதைப் போய் விக்கச் சொன்னது யாரும்மா?" என்று ஊனா கேட்டாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

இப்போது நீச்சல் வகுப்புக்குப் போகிறோம், அதே காரில்தான். ஃபிரிட்ஜில் பூசணி சூப் இருக்கிறது. சூடாக்கிக் குடி.

மெரின்

இன்னொன்று: சனிக்கிழமை நால்வரும் கடற்கரைக்குப் போகலாம். ஓட்டுவது நீ. ஐஸ்கிரீம் அங்கே வாங்கித் தருகிறேன். மன்னிப்பு இப்போதே கேட்டுவிடுகிறேன்.