ஏழு நாள் பலகை

ஜனவரி 9

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் தங்கை சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்கு நேரே எழுத உங்களுக்குக் கை வரவில்லை போலிருக்கிறது.

ஒரு வருஷத்துக்கு முன் நீங்கள் இழுத்து மூடிவிட்டுப் போன பேக்கரியைத் தெருவே சேர்ந்து எடுத்து நடத்துகிறது. அறுபத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு பங்கு, ஒரு ஓட்டு. என் தலையில் செயலாளர் வேலையைக் கட்டிவிட்டார்கள். எல்லாரும் முதலாளி என்றதும் ஆளாளுக்குச் சாவி கேட்டார்கள். பன்னிரண்டு சாவி செய்தோம். இவர் பூட்டுவார் என்று அவரும் அவர் பூட்டுவார் என்று இவரும் இருந்ததில், முதல் வாரம் முழுக்கக் கடை திறந்தே கிடந்தது.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். அடுப்பில் இடப்பக்க ரொட்டி மட்டும் கருகுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? பதில் அடுப்பைப் பற்றி மட்டும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்

ஜனவரி 21

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

அடுப்பின் இடது மூலையில் ஒரு செங்கல் பெயர்ந்திருக்கிறது. அதை மறைத்து ஒரு தகரத்தை மடித்து வைத்திருந்தேன். யாரோ சுத்தம் செய்கிறேன் என்று தூக்கி எறிந்திருப்பார்கள். வேறு தகரம் வைக்கச் சொல்.

அறுபத்திரண்டு பேர் கூடிப் பேசி ஒரு பன்னுக்கு விலை வைப்பதற்குள் பன் காய்ந்துவிடாதா?

அடுப்பைப் பற்றி எழுதியாயிற்று. மற்றதை எழுதக் கூடாது என்றாய். எழுதவில்லை.

இப்படிக்கு,
பழைய முதலாளி

பிப்ரவரி 16

அன்புள்ள உங்களுக்கு,

தகரத்தை எறிந்தது கணக்கு வாத்தியார். ஒப்புக்கொண்டு, அவரே புதிதாக ஒன்று வாங்கி வந்தார். இப்போது ரொட்டி கருகுவதில்லை.

பன்னும் காயவில்லை. எங்களிடம் ஒரு விதி இருக்கிறது, நான் கேட்டு வாங்கியது. எதைச் செய்வதானாலும் கடைக் கரும்பலகையில் எழுதி ஏழு நாள் விட வேண்டும். பிடிக்காதவர் கீழே ‘வேண்டாம்’ என்று எழுதலாம். எழுதினால் விஷயம் தள்ளுபடியாகிவிடாது. எழுதியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

இந்த விதியை ஏன் கேட்டேன் தெரியுமா? கடையை மூடியதில் எனக்குக் கோபமில்லை. மூடிய செய்தியைக் கதவில் தொங்கிய அட்டையைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற பால்காரர், “ஏம்மா மூடிட்டாங்க?” என்று என்னைக் கேட்டார். பெண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பார். அன்று எனக்கு அவமானமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

இன்னொன்று. கடைக்கு ரொட்டி போட ஒரு மாஸ்டர் தேவை. தையல்காரம்மா பலகையில் உங்கள் பெயரை எழுதிவிட்டார். “அந்தக் கைப்பக்குவம் வேற யாருக்கு வரும், சொல்லு” என்கிறார். ஏழு நாள் முடிந்துவிட்டது. கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை, ஏனென்றால் ரொட்டி விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்

மார்ச் 2

என் அன்புக்குரியவளுக்கு,

நஷ்டத்தை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக் கடைசியில் அட்டையை மாட்டிவிட்டு ஓடிவிட்டேன். நான் செய்தது தப்பு.

சம்பளத்துக்கு மாஸ்டராக வருகிறேன். கடை மாடியறையில் படுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வரலாமா என்பதை இந்தத் தடவை நான் தனியாக முடிவு செய்யப் போவதில்லை. அதையும் பலகையில் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருப்பவன்

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

எழுதினேன். கடைப் பலகையில் இல்லை, நம் சமையலறைக் கதவின் பின்னால். ‘அவர் வீட்டுக்கு வரலாமா?’ முதல் நாளே கீழே ‘வேண்டாம்’ என்று எழுதினேன். மூன்றாம் நாள் அழித்தேன். ஐந்தாம் நாள் மறுபடி எழுதினேன். இன்று ஏழாம் நாள். அது அப்படியேதான் இருக்கிறது.

கடைக்குப் பதின்மூன்றாவது சாவி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரவு பூட்டுவது உங்கள் பொறுப்பு. வீட்டுச் சாவி அனுப்பவில்லை. வந்து கதவைத் தட்டுங்கள். விதிப்படி என்னை உட்கார வைத்துப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
வேண்டாம் என்று எழுதியவள்